பத்துப் பேர், இரண்டு பாதை: பினாங்கில் நான்கு நாள்

காஞ்சிங் அருவியின் மூன்றாவது அடுக்கில் அம்மா உட்கார்ந்துவிட்டார். "நீங்கள்லாம் மேல போயிட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேன்" என்றார். போன வருடம் நடந்தது இது.

கோலாலம்பூருக்கு வடக்கே, செலாயாங்கைத் தாண்டி ரவாங் போகும் பழைய சாலையில்தான் காஞ்சிங் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் பசியாற நேரத்துக்குள் போய்விடலாம். ஏழு அடுக்காக விழும் அருவி. கீழ் அடுக்குகளுக்குப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். மேலே போகப் போக வேரும் மண்ணும் கயிறும்தான். படிக்கட்டு இருக்கிறதே, அம்மாவுக்குச் சுலபம் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். அதுதான் முதல் தப்பு. அம்மாவின் முட்டி ஏறுவதற்கு ஒத்துழைக்கும், இறங்குவதற்கு ஒத்துழைக்காது. ஈரப் படியில் ஒவ்வொரு காலாக இறக்கி வைத்து, கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் இறங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அதற்கு முன்னால் நடந்தது வேறு. நாங்கள் மேலே போயிருந்த நேரத்தில் ஒரு குரங்கு வந்து அம்மா மடியில் இருந்த நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பறிக்கவில்லை, நிதானமாக எடுத்துக்கொண்டு போனதாம். நாங்கள் திரும்பி வந்து பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்துக்கு மாறியது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) "நாயிக்! நாயிக்! செப்பாட்!" என்று கத்தினார். ஏறுங்கள், சீக்கிரம் என்று அர்த்தம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறினோம். கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் சற்று நேரத்தில் முட்டிக்கு மேல் ஓடியது. மலாயில் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். மழை நம் தலையில் பெய்ய வேண்டியதில்லை, மலை உச்சியில் பெய்தால் போதும். இலை, சுள்ளி, நுரை, நிறமாற்றம், மேலிருந்து வரும் இரைச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணிமணியைத் தேடாமல் ஏறிவிட வேண்டும். பாறைக்கு நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள், கரைக்குப் போகும் வழிதான் முதலில் அடைபடும்.

இந்தக் கதையை எல்லாம் பினாங்கில் இருக்கும் சித்தப்பா மகனிடம் ஃபோனில் புலம்பினேன். அவன் மலையேறுகிறவன். "அக்கா, எல்லாரையும் ஒரே பாதையில நடக்க வைக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. இங்க வாங்க. மலைக்கு ரயில் இருக்கு, காட்டுக்குப் படகு இருக்கு. முடிஞ்சவங்க நடக்கட்டும், முடியாதவங்க ஏறி வரட்டும். மேல போய்ச் சேர்ந்துக்கலாம்" என்றான்.

சரி என்று ஜூன் மாதம் கிளம்பினோம். அம்மா, மாமனார் (எனக்கு மாமா), மாமியார் (அத்தை), அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான், என் வீட்டுக்காரர், மகன், ஏழு வயது மகள் என்று பத்துப் பேர். பினாங்கில் அந்தச் சித்தப்பா மகன், என் தம்பி, சேர்ந்துகொண்டான்.

முதல் நாள் சாயங்காலம் தம்பி எங்களைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாமி கும்பிடத்தான் என்று நினைத்தோம். அவன் மனதில் பரீட்சை இருந்தது. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. யார் எத்தனை படியில் மூச்சு வாங்குகிறார்கள், இறங்கும்போது யாருக்குக் கால் நடுங்குகிறது என்று பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு எங்களுக்கே ஆச்சரியம். நாங்கள் 'பெரியவர்கள்' கணக்கில் போட்டு வைத்திருந்த மாமா, எழுபத்து மூன்று வயது, ஒரே மூச்சில் ஏறிப்போய் மேலே நின்று எங்களைக் கூப்பிட்டார். நாற்பத்திரண்டு வயது அண்ணி இருநூறாவது படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா நூறு படி ஏறினார், இறங்கும்போது என் தோளை விடவில்லை. அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கீழிருந்தே கும்பிட்டுவிட்டார். வயதைப் பார்த்துப் பிரித்திருந்தால் மாமாவை ரயிலில் ஏற்றி, அண்ணியை நடக்க வைத்திருப்போம்.

அடுத்த நாள் காலை தாவரவியல் பூங்கா. 1884-இல் தொடங்கியது. பெரும்பாலும் சமதரை, நிழல், நடந்தவர்கள் நடந்தோம், உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தார்கள். "அருவி எங்கம்மா?" என்று என் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஊரே அருவியின் பெயரில் இருக்கிறது, சாலைக்குப் பெயர் அருவிச் சாலை, கோயிலுக்குப் பெயர் தண்ணீர்மலை. ஆனால் அந்த அருவி குடிநீர் எடுக்கும் பகுதிக்குள் இருப்பதால், நினைத்தவுடன் உள்ளே போய்க் குளித்துவிட முடியாது. குழந்தைக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நாகலிங்க மரம் எங்களைக் காப்பாற்றியது. அடிமரத்திலிருந்தே கொடி கொடியாய்த் தொங்கும் பூ, அதற்கு மேலே பீரங்கிக் குண்டு மாதிரி காய். கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை அம்மா எடுத்து, இதழை விலக்கி, "இதோ பாரு லிங்கம், மேல பாம்பு படம் எடுத்து நிக்குது" என்று காட்டினார். மகள் அருவியை மறந்துவிட்டாள்.

மூன்றாவது நாள்தான் கொடிமலை. வெளியூர்க்காரர்கள் பினாங்கு ஹில் என்பதை இங்கே உள்ள நம்மவர்கள் கொடிமலை என்றுதான் சொல்கிறார்கள். நடப்பவர்கள் ஏழு பேர், ரயில் ஏறுபவர்கள் நான்கு பேர்.

காலை ஆறே முக்காலுக்கு நிலவு வாசலில் நின்றோம். பூங்காவுக்குப் போகும் சாலையோரத்தில் முழு வட்டமாக இருக்கும் பழைய வளைவு அது. இன்னும் முழுதாய் விடியவில்லை. இந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது, அதனால் ஆளுக்கொரு கைவிளக்கு. நுழைந்தவுடனே படிகள். யாரோ உயரமான மனிதர் தன் காலுக்கு அளந்து வெட்டியவை போலிருந்தன. நடுநடுவே வேர், பாறை, மறுபடி படி.

மாமா போட்டிருந்தது கறுப்பு ரப்பர் சப்பாத்து. கடையில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், 'கம்போங் அடிடாஸ்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி பால் எடுத்தபோது போட்ட பழக்கம். என் மகன் முந்தின இரவு அதைப் பார்த்துச் சிரித்தான். அவனுடையது விலை சொன்னால் அத்தை மயங்கி விழுகிற ஓட்டச் சப்பாத்து. பாசி பிடித்த முதல் பாறையிலேயே சறுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்தான். பிறகு வழியெல்லாம் தாத்தா கால் வைத்த இடத்தில்தான் கால் வைத்தான். அந்த ரப்பர் அடியில் குமிழ் குமிழாய் இருக்கும், மண்ணைக் கவ்வும், நனைந்தாலும் கனக்காது. ஒரே குறை, பாதத்துக்கு மெத்தை கிடையாது. தார்ச்சாலையில் நெடுந்தூரம் நடந்தால் குதிகால் வலிக்கும். மாமாவும் கடைசியில் அதைத்தான் சொன்னார்.

எட்டேகாலுக்கு '84' என்று எல்லோரும் சொல்லும் ஓய்விடத்துக்கு வந்தோம். நடந்து வருகிறவர்களுக்குச் சூடாகத் தேநீர் வைத்திருந்தார்கள், பக்கத்தில் உண்டியல். மனம்போல் போடலாம். நாங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்களுக்குப் பின்னால் புறப்பட்டிருந்த மூன்று சீனப் பாட்டிகள் பேசிச் சிரித்துக்கொண்டே வந்து, தேநீர் குடித்து, எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனார்கள். தினமும் வருவார்களாம்.

அங்கிருந்து ஜீப் பாதை. பூங்கா வாசலிலிருந்து உச்சி வரை ஐந்து கிலோமீட்டர் சொச்சம் போகும் சாலை அது, நாங்கள் குறுக்கே வந்து நடுவில் சேர்ந்துகொண்டோம். சாலைதானே என்று இளக்காரமாக நினைத்தேன். காட்டுப்பாதையில் வராத வலியெல்லாம் இங்கேதான் வந்தது. அவ்வளவு செங்குத்து. நேராக ஏறாமல் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஏறினால் கெண்டைக்கால் தப்பும் என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். உண்மைதான். ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்க வேண்டும்.

ஒரு வளைவில் அண்ணன் மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். சாலைக்கு மேலே தொங்கிய கிளையில் கரும்சாம்பல் குரங்குகள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. லோத்தோங் என்பார்கள். ஒரு தாய் மடியில் குட்டி, பளீரென்ற ஆரஞ்சு நிறம். குட்டியாக இருக்கும்போது அந்த நிறத்தில்தான் இருக்குமாம், சில மாதத்தில் கறுத்துவிடும். அவை எங்களைக் கவனிக்கவே இல்லை, இலையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தன. காஞ்சிங்கில் பார்த்த நீண்ட வால் குரங்குகளின் குணம் இவற்றுக்கு இல்லை. அந்தக் குணம் உள்ளவையும் இந்த மலையில் உண்டு, ஆகவே பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம். பை சலசலத்தாலே அவை வந்துவிடும்.

பத்தே முக்காலுக்கு மேலே போனபோது அம்மா திருமுருகன் கோயிலில் கும்பிட்டு முடித்து, விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஒன்பது மணி வாக்கில் ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறியிருக்கிறார்கள். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில், 2011-இல் புதுப் பெட்டிகள் வந்தன. அம்மா 1979-இல் கல்யாணமான புதிதில் அப்பாவோடு வந்திருக்கிறார். "அப்பல்லாம் பாதியில இறங்கி இன்னொரு ரயில் மாறணும். அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு மரமா பார்த்துக்கிட்டே வருவோம். இப்ப கண்ணை மூடித் திறந்தா மேல வந்துடுது" என்றார். அவருக்கு அது குறையாகத்தான் பட்டது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கீழே ஜார்ஜ்டவுனும் கடலும் பாலமும் தெரிந்தன, கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து மூடிவிட்டது.

அங்கே எங்கள் சாமர்த்தியம் தீர்ந்தது. ஆற அமரச் சாப்பிட்டு, படம் எடுத்து, இரண்டு மணிக்கு எல்லோருமாக ரயிலில் கீழே இறங்கலாம் என்று போனால் விடுமுறைக் கூட்டம் முழுக்க அப்போதுதான் இறங்க வருகிறது. வரிசையில் நின்று நின்று, நடந்தபோது வலித்ததைவிட முட்டி அதிகமாக வலித்தது. முன்னதாகவே, பதினொன்றரைக்குள் இறங்கியிருக்க வேண்டும், சாப்பாட்டைக் கீழே வைத்துக்கொண்டிருக்கலாம். அத்தோடு இன்னொன்று: உள்ளூர்க்காரர் கட்டணம் வேண்டுமென்றால் ஐசி (அடையாள அட்டை) காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு அவர்களுக்கான அட்டை, மைகிட். நடப்பவர்கள் பையில் ஐசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் தன்னுடையதைக் காடியிலேயே (காரிலேயே) விட்டுவிட்டு வந்திருந்தார். ரயில் வேண்டாம் என்று நடந்தே இறங்கலாமே என்று அண்ணன் சொன்னபோது மாமா தலையை ஆட்டினார். ஏறுவதற்கு மூச்சு போதும், அந்தச் சரிவில் இறங்குவதற்கு முட்டி வேண்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே தித்தி கெராவாங் அருவிக்கும் போனோம். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது, காடியிலிருந்து இறங்கிக் கொஞ்சம் ஏறினால் போதும். நடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தைப்பூச சமயத்தில் ஒரு தடவை வந்து, பாறையில் ஈரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். வருடத் தொடக்கத்தில் வடக்கே மழை குறைவு, தீவின் அருவிகள் இளைத்துவிடும். இந்தத் தடவை தண்ணீர் இருந்தது, பிள்ளைகள் ஆடினார்கள். ஓரமாக ஓடும் தண்ணீர்க் குழாய்கள் படத்தில் விழாமல் எடுப்பது கஷ்டம். காலிலோ கையிலோ புண் இருந்தால் இறக்காதீர்கள், தண்ணீரை விழுங்கவும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் இந்த நாட்டு அருவிகளில் சும்மா சொல்லும் பயம் இல்லை. குளித்த பிறகு நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் டாக்டரிடம் 'அருவியில் குளித்தோம்' என்று நாமாகவே சொல்லிவிட வேண்டும்.

டுரியான் காலம் வேறு. சாலையோரக் கடையில் மாமா மூன்று பழம் உடைக்க வைத்தார். தின்றுவிட்டு அந்த வளைவுச் சாலையில் திரும்பியது புத்திசாலித்தனம் இல்லை. அண்ணன் மகளுக்காக இரண்டு இடத்தில் காடியை நிறுத்தினோம்.

நான்காவது நாள், தெலுக் பாஹாங் தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்டது. திட்டம் கொடிமலைத் திட்டமேதான். நாங்கள் ஏழு பேர் காட்டுவழியாக கெராச்சுட் கடற்கரைக்கு நடப்பது, மற்ற நான்கு பேர் பத்து மணிக்குப் படகில் அங்கே வந்து சேர்வது, எல்லோருமாகப் படகில் திரும்புவது. திரும்பி நடக்க வேண்டாம் என்பதால் ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் போதும் என்று முடிவு செய்தோம். மதியச் சாப்பாடு, அண்ணி விடியற்காலையில் எழுந்து கட்டிய புளிச்சாதமும் சம்பால் முட்டையும், படகில் வரட்டும். எதற்குச் சுமக்க வேண்டும்?

அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு எட்டரைக்கு நுழைந்தோம். கொஞ்ச தூரம் கடலோரம், பிறகு பாதை பிரிகிறது. வலப்பக்கம் கடலை ஒட்டிப் போகும், இடப்பக்கம் மேடு ஏறி கெராச்சுட்டுக்கு இறங்கும். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் அட்டை. என் வீட்டுக்காரர் காலுறையை முழுக்கால் சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு வந்திருந்தார், அழகாக இல்லை, ஆனால் அவரை ஒன்றும் ஏறவில்லை. என் கணுக்காலில் இரண்டு. பிடுங்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பிவிட்டால் விழுந்துவிடும். ரத்தம் சற்று நேரம் நிற்காது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கெராச்சுட் வந்தது. மேலே மழைநீரும் அடியில் கடல்நீரும் கலக்காமல் நிற்கும் ஏரி ஒன்று அங்கே இருக்கிறது. நாங்கள் போனபோது பாதி சேறாகக் கிடந்தது. ஆமைக் குஞ்சுகளை வளர்க்கும் இடத்தில் பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, துடுப்பு போடுவதை நிறுத்தவே இல்லை. அந்தக் கடலில் குளிக்கக் கூடாது, இழுப்பு அதிகம், ஜெல்லி மீனும் உண்டு. பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லியிருந்ததால் இந்தத் தடவை தகராறு இல்லை.

பத்தே கால். பத்தே முக்கால். படகு வரவில்லை. காற்று ஏறி அலை வெள்ளை வெள்ளையாய் உடைந்துகொண்டிருந்தது. ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. பதினொன்றரைக்கு அங்கிருந்த ஒருவர், இந்த அலையில் இன்று படகு ஒதுங்காது, நடந்தே போங்கள் என்றார். எங்களிடம் இருந்தது ஏழு பேருக்கு இரண்டரைப் போத்தல் தண்ணீர், மாமா சட்டைப்பையில் ஆறு மிட்டாய்.

வெயில் நேரத்தில் அந்த மேட்டை மறுபடி ஏறியதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அண்ணன் மகளுக்குக் குதிகாலில் கொப்புளம், என் மகன் தன் சப்பாத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சிலிப்பரில் நடந்தான். எதிரில் வந்த ஒரு மலாய்க் குடும்பம் கேட்காமலேயே ஒரு பெரிய போத்தலைக் கொடுத்தது. மாமா மிட்டாயைக் கடித்து உடைத்துப் பங்கு வைத்தார். வழி மாற்று இருக்கிறது என்பதற்காகக் காலையும் தண்ணீரையும் சோற்றையும் அதை நம்பி விட்டுவிட்டோமே என்று எனக்கு வழியெல்லாம் ஆத்திரம்.

இரண்டரைக்கு வெளியே வந்தோம். படகுத்துறைப் பக்கத்துக் கடையில், மின்விசிறிக்குக் கீழே நான்கு பேரும் சாதிக்காய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"படகு போகாதுன்னு பத்து மணிக்கே சொல்லிட்டாங்க" என்றார் அம்மா. "உங்க ஃபோன்தான் கிடைக்கல."

"சாப்பாடு?" என்றான் என் மகன்.

அண்ணி அத்தையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தார்.

"வெயில்ல கெட்டுப் போயிடும்னு," என்று அம்மா தொடங்கினார்.